சோலார் சான்றிதழுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்களா?

பண்ருட்டி நண்பருக்கு, கடலூர் மையத்தில் சோலார் பேனல் பொருத்தும் பயிற்சியை முடித்த பிறகும் சான்றிதழ் வரவில்லை, 2,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரி, பணத்தைக் கொடுக்காமல் கையிலேயே வையுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத் திட்டம் என்றால் பயிற்சியே இலவசம்; சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் எதற்கு?

முதலில் எந்தத் திட்டத்தில் உங்கள் பெயரைப் பதிந்தார்கள் என்று கேளுங்கள். இழுத்தடித்தால் எனக்குச் சந்தேகம்தான், பெயரே ஏறியிருக்காது. சோலார் பாடங்களுக்கு மதிப்பீடு செய்ய வெளியாள் வருவார். மையமே அச்சடித்துத் தரும் தாளை வேலை கொடுப்பவர் மதிக்க மாட்டார். அப்படி வெளியிலிருந்து யாராவது வந்து தேர்வு வைத்தார்களா?

அப்புறம், வருகைப் பதிவு, பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி இரண்டின் நகலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மனு ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.