நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் பத்தி என்ன வேணாலும் கேளுங்க: ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ் கேள்வி பதில்

கே: அண்ணா, ஐஸ் ஹாக்கி எனக்கு புதுசு. டிஃபென்ஸ்மேன்னா இடிச்சு தள்ளுற ஆளுங்கதானே? நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் லிட்ஸ்ட்ரோம் லிட்ஸ்ட்ரோம்னு சொல்றீங்க?

ப: இடிக்காமயே தடுக்க முடியும்னு 20 சீசன் ஆடிக் காட்டினவர் தம்பி அவர், அதான். ஸ்வீடன்காரர். 1991ல வட அமெரிக்காவோட பெரிய ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லுக்கு வந்தார், 2012ல விட்டார், கடைசி வரைக்கும் ஒரே டீம், டெட்ராய்ட் ரெட் விங்ஸ். மொத்தம் 1,564 மேட்ச், அத்தனையும் சேத்து பெனால்டில, அதாவது தப்பு செஞ்சதுக்கு தண்டனையா வெளிய, உக்காந்தது வெறும் 514 நிமிஷம். அந்தக் காலத்து சண்டைக்காரங்க ரெண்டு சீசன்லயே அதை தாண்டிடுவாங்க. லீக் சாம்பியனுக்கு குடுக்கிற ஸ்டான்லி கப் 4 தடவை (1997, 1998, 2002, 2008), சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கு குடுக்கிற நாரிஸ் டிராஃபி 7 தடவை. அதுலயும் முதல் நாரிஸ் வாங்கறதுக்கு முன்னாடி மூணு வருஷம் வரிசையா ரெண்டாவது இடம், முதல் தடவை கைக்கு வந்தப்போ வயசு 31.

கே: இடிக்காம எப்படிங்க தடுக்கறது? அதை கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

ப: இதைத்தான் யாராவது கேக்கணும்னு காத்திட்டிருந்தேன். எதிராளி பக்கோட (பந்துக்கு பதிலா ஆடற தட்டையான ரப்பர் வட்டு) முழு வேகத்துல வர்றான்னு வைங்க, டிஃபென்ஸ்மேன் அவனைப் பாத்தபடியே பின்பக்கமா ஸ்கேட் பண்ணிட்டு போகணும், நடுவுல ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீளம் இடைவெளி இருக்கணும், அதுக்கு மேல விட்டா அவன் நிதானமா ஷாட் அடிப்பான், ரொம்ப ஒட்டினா ஒரே திருப்புல தாண்டிப் போயிடுவான். அந்த இடைவெளியைத்தான் கேப்னு சொல்றாங்க. லிட்ஸ்ட்ரோம் அந்த கேப்பை அப்படியே வெச்சுக்கிட்டு, தன் உடம்பை கோலுக்கும் அவனுக்கும் நடுவுல நிறுத்தி, ஸ்டிக்கை ஐஸ்ல நீட்டி உள்பக்க வழியை அடைச்சிடுவார். அப்புறம் அவனுக்கு மிச்சம் இருக்கறது ஓரத்து சுவர் பக்கம் மட்டும்தான். கபடில ரெய்டரை மூலைக்கு ஒதுக்கற மாதிரி. அங்க போனதும் பக்கை மட்டும் தட்டி எடுத்துட்டு, அடுத்த நொடியே நம்ம ஆளுக்கு நேரா பாஸ். யாரும் கீழ விழல, விசில் இல்ல, ஆட்டம் எதிர்திசைல ஓடிட்டு இருக்கும். டிவில ஹைலைட்ஸ்ல இதெல்லாம் காட்டவே மாட்டாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு, காத்துல பறந்து வர்ற பக்கை ஸ்டிக்கால தட்டி இறக்குவார் பாருங்க, அப்படி இன்னொருத்தர் செஞ்சு நான் பாத்ததில்ல.

கே: அவரை எப்படி கண்டுபிடிச்சாங்க?

ப: 1989 டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் முறை வெச்சு புது ஆளுங்களை எடுக்கறதுல, மூணாவது ரவுண்டு, 53ஆவது ஆளா டெட்ராய்ட் எடுத்தாங்க. அதே டிராஃப்ட்ல 74ஆவதா ரஷ்ய ஃபார்வர்ட் செர்கே ஃபெடரோவ், 221ஆவதா ரஷ்ய டிஃபென்ஸ்மேன் விளாதிமிர் கான்ஸ்டான்டினோவ். ஒரே நாள்ல இந்த மூணு பேரையும் எடுத்த டீம், ஐரோப்பா பக்கம் கண்ணை திறந்து வெச்சிருந்த டீம்.

கே: டிஃபென்ஸ்மேன் 264 கோல் எப்படி அடிச்சார்?

ப: நிறைய பவர்பிளேல, அதாவது எதிர் டீம்ல ஒருத்தன் பெனால்டில உக்காந்திருக்கறப்போ. எதிரணி கோல்ல இருந்து தள்ளி இருக்கற ப்ளூ லைன் கோட்டுல நின்னு தாழ்வா, யார் கால்லயும் படாம ஷாட் அனுப்புவார், கோல் வாசல்ல நிக்கிற தோமஸ் ஹோல்ம்ஸ்ட்ரோம் அதை லேசா திருப்பி விடுவார். சூட்சுமம் என்னன்னா சில சமயம் வேணும்னே கோலுக்கு வெளிய அடிப்பார். அப்போ டெட்ராய்ட் ஆடின ஜோ லூயிஸ் அரங்கத்துல பின்சுவர் பக்கை துள்ளி திருப்பி அனுப்பும், கோல்கீப்பர் இந்தப் பக்கம் பாத்திட்டிருக்க பக் அந்தப் பக்கம் நம்மாளு ஸ்டிக்குக்கு வந்து நிக்கும். சொந்த ஊர் சுவரையே ஒரு பிளேயரா பயன்படுத்தினவர். கோலுக்கு வழி பண்ணிக் குடுக்கற அசிஸ்ட் 878 வந்ததுல ஆச்சரியமே இல்ல.

கே: உங்களுக்கு பிடிச்ச சீரிஸ்?

ப: 1997 ஃபைனல், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரா. அவங்க டீமோட எரிக் லிண்ட்ராஸ் மலை மாதிரி ஆளு, அவனை அடக்க முரட்டு ஜோடியைத்தான் கோச் ஸ்காட்டி போமன் இறக்குவார்னு எல்லாரும் நினைச்சாங்க. அவர் லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும் இறக்கினார்! ரெண்டு பேருமே இடிக்கற ஆளுங்க இல்ல. லிண்ட்ராஸ் அந்த சீரிஸ்ல அடிச்சது ஒரே கோல், அதுவும் கடைசி மேட்ச்ல முடிய 15 நொடி இருக்கறப்போ. டெட்ராய்ட் 4-0, 42 வருஷம் கழிச்சு கப். ஆறு நாள் கழிச்சு கார் விபத்துல கான்ஸ்டான்டினோவோட ஆட்ட வாழ்க்கையே முடிஞ்சு போச்சு, அதை நினைச்சா இன்னிக்கும் மனசு கனக்குது.

கே: அந்தக் காலத்து டிஃபென்ஸ்மேன் பாபி ஆரை விட பெரியவரா?

ப: ஆட்டத்தையே மாத்தினவர் ஆர், எட்டு நாரிஸ் வரிசையா வாங்கினவர், அவரை யாரும் தாண்ட முடியாதுன்னுதான் நானும் சொல்வேன். ஆனா முட்டி போய் 657 மேட்ச்லயே அவர் நின்னுட்டார். தன் கோலை காப்பாத்தறதை மட்டும் கேட்டீங்கன்னா என் ஓட்டு லிட்ஸ்ட்ரோமுக்கு.

கே: 2011 நாரிஸ் பழைய பேருக்காக குடுத்ததுன்னு சொல்றாங்களே? அவர் ஐஸ்ல நின்னப்போ டீம் அடிச்ச கோலுக்கும் வாங்கின கோலுக்கும் வித்தியாசம், அந்த பிளஸ்-மைனஸ் கணக்கு, மைனஸ் 2 தானே?

ப: நியாயமான கேள்வி சார். எனக்கும் அந்த வருஷத்து விருது சந்தேகம்தான், முந்தின விருதுங்க மேல துளி சந்தேகமும் இல்ல. ஆனா 40 வயசுல 62 பாயிண்ட் (கோலும் அசிஸ்டும் சேத்து) எடுத்தார்ங்கறதையும் சேத்து பாருங்க. அடுத்த வருஷம் உடம்பும் வேகமும் முன்ன மாதிரி இல்லன்னு தானே சொல்லிட்டு விலகினார், யாரும் போகச் சொல்லல.

கே: அண்ணா, கனடா ஸ்கார்பரோல இருக்கோம், பையனுக்கு 10 வயசு. கோச் டிஃபென்ஸ்ல போட்டதுக்கு அழறான், கோல் அடிக்க முடியாதாம்.

ப: அக்கா, பையனை இடிக்க பழக்காதீங்க, பின்பக்கமா ஸ்கேட் பண்ண பழக்குங்க. அது நல்லா வந்துட்டா மத்ததெல்லாம் மெதுவா வரும். எதிராளியோட கண்ணையும் பக்கையும் பாக்காம நெஞ்சைப் பாக்கச் சொல்லுங்க, கை ஏமாத்தும், நெஞ்சு ஏமாத்தாது. அப்புறம் 2006 டூரின் ஒலிம்பிக் ஃபைனலை போட்டுக் காட்டுங்க. ஃபின்லாந்துக்கு எதிரா 2-2ல நின்னப்போ மூணாவது பீரியட் ஆரம்பிச்ச உடனே ஸ்வீடனுக்கு தங்கம் வாங்கிக் குடுத்த கோலை அடிச்சது ஒரு டிஃபென்ஸ்மேன்தான்.

கே: ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா?

ப: 2002 ஃபைனல் மூணாவது மேட்ச், கரோலினால. மூணு ஓவர்டைம் போச்சு, இவர் 50 நிமிஷத்துக்கு மேல ஐஸ்ல நின்னார். வழக்கமா ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை ஐஸ்ல இறங்கி ஆடறது, முக்கால் நிமிஷம்தான், அதுக்கே பசங்களுக்கு மூச்சு வாங்கும். அந்த பிளே ஆஃப்ல சிறந்த வீரர்னு கான் ஸ்மைத் டிராஃபியும் இவருக்குத்தான், அதை வாங்கின முதல் ஐரோப்பியர். முதல் தடவை பாக்கறப்போ பக்கை விட்டுடுங்க, 5ஆம் நம்பர் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க.