வட ஆஸ்திரேலியாவில் உள்ள ககாடு தேசியப் பூங்காவின் பாறை ஓவியங்கள் பிற்காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டவை என்கிறார்களே, அவ்வளவு தொலைவு சென்று பார்ப்பது தகுமா?

ஏதோ கலப்படத்தைக் கண்டுபிடித்தவர்போல் இதே கேள்வியை என் உறவினர்கள் பலமுறை கேட்டிருப்பதால்தான் பதில் எழுத முன்வந்தேன். பிள்ளைகளைப் பார்க்க சிட்னிக்கோ மெல்பேர்னுக்கோ வந்திருக்கிறீர்கள் என்றும், ககாடுவுக்குப் போக இறங்க வேண்டிய டார்வின் நகருக்கான விமானக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய் யாரிடமாவது "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டுவிட விரும்புகிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். பூர்வகுடி மக்களின் சார்பாகப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் பயணியாகச் சென்று வந்தவன் மட்டுமே.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ககாடுவில் பர்ரங்குய் எனப்படும் நூர்லாஞ்சிப் பாறையின் அன்பாங்பாங் பகுதியில் பளிச்சென்று தெரியும் உருவங்களில் பெரும்பாலானவற்றை 1960களின் தொடக்கத்தில் நஜொம்போல்மி என்ற பூர்வகுடி ஓவியர் மீண்டும் தீட்டினார். ஆனால் அங்கே வரைந்து முடித்த படத்தைவிட வரையும் செயலே பெரிதாகக் கருதப்பட்டது. உரிமை உள்ளவர் பழைய உருவத்தின் மேலேயே புதிதாக வரைவது வழக்கம். பழமைதான் வேண்டுமென்றால் ககாடுவிலேயே உள்ள உபிர் பாறையில் தைலசின் என்னும் வரியுடல் விலங்கின் உருவம் இருக்கிறது. அவ்விலங்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து மறைந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அதே பாறையில் எருமை வேட்டைக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவரின் உருவமும் இருக்கிறது. ஓவியங்களில் பூசிய செங்காவி இரும்புத் தாது என்பதால், கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்பை அதில் செய்ய இயலாது. வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் ஒரு கங்காரு ஓவியத்தின் வயதை, அதன் அடியிலும் மேலும் இருந்த குளவிக் கூடுகளை ஆராய்ந்துதான் சுமார் 17,300 ஆண்டுகள் என்று 2021-இல் அறிவித்தார்கள்.

எனக்கு இவையெல்லாம் பொருட்படத் தொடங்கியது ககாடுவில் அல்ல, கிழக்கு அலிகேட்டர் ஆற்றுக்கு அப்பால் பூர்வகுடி மக்களின் நிலமான ஆர்னம் லாண்டில் உள்ள குன்பலன்யா என்னும் ஊரில்தான். அங்கே செல்ல பூர்வகுடி மக்களின் நில உரிமைகளைக் கவனிக்கும் நார்தர்ன் லாண்ட் கவுன்சிலிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கேஹில்ஸ் கிராசிங் என்ற தாழ்வான தரைப்பாலத்தை, கடல் ஏற்றத்தால் ஆற்றுநீர் உயரும் நேரத்தைப் பார்த்துத்தான் கடக்க வேண்டும். இருபுறமும் முதலைகள் வாயைத் திறந்தபடி மீனுக்குக் காத்திருக்கும். அவ்வூரை ஒட்டிய, ஓவியங்கள் நிறைந்த இஞ்சலாக் குன்றில் உள்ளூர் வழிகாட்டியுடன்தான் ஏற முடியும்.

பாறைக் கூரைக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தபோது, உருவத்தின் மேல் உருவமாக எத்தனை அடுக்குகள் என்று எண்ணவே முடியவில்லை. நடுவில் ஒரு பாரமுண்டி, அதாவது நம் ஊர்க் கொடுவா மீன்: முதுகெலும்பு, காற்றுப்பை, குடல் எல்லாம் தோலுக்கு வெளியே தெரிவதுபோல் வெள்ளையிலும் செங்காவியிலும் வரையப்பட்டிருந்தது, வெள்ளை ஆங்காங்கே பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. எங்களுடன் வந்த ஒருவர் எது மிகப் பழையது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, வழிகாட்டியான பெரியவரோ அந்த மீனின் உடலில் கொழுப்பு எங்கே தங்கும், எந்தப் பருவத்தில் அது உண்ணச் சுவையாக இருக்கும் என்பதையே விளக்கினார். முன்னோரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ள ஓரிடத்தில் படம் எடுக்க வேண்டாம் என்றார். சில உருவங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே கடந்துவிட்டார். இதைக் குறையாக எழுதும் பயணிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நம் கோயில்களில் கருவறைக்குள் கேமராவை நீட்டினால் விடுவோமா?

குன்றிலிருந்து இறங்கி வந்தால், அடிவாரத்துக் கலைக்கூடத்தின் திண்ணையில் ஒருவர் கோரைத் தண்டைச் சீவிய தூரிகையால் தாளில் அதே மீனின் வயிற்றுக்குள் மெல்லிய கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தார். அதையும் மேலே பார்த்ததையும் அசல், நகல் என்று பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

வசதியுள்ளவன் பேசுகிறான் என்று சிலர் பின்னூட்டம் இடுவார்கள். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. இதில் வாடகை வண்டிக்காரர்கள் வேறு: எனக்கு வண்டி தந்த நிறுவனம், செம்மண் படிந்ததற்கென்று தனியாகச் சுத்தக் கட்டணம் பிடித்துக்கொண்டது, ஓட்டியது செம்மண் சாலையில், வேறென்ன படியும்? ஆற்றைக் கடக்கக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மழைக்காலத்தில் குன்பலன்யாவுக்குச் செல்லும் சாலை மூடப்பட்டுவிடும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் செல்லுங்கள். முழங்கால் வலி இருந்தால் இஞ்சலாக்கை விட்டுவிடலாம். அன்பாங்பாங் ஓவியங்களுக்குப் படிகளும் நல்ல நடைபாதையும் உண்டு, பூங்காவுக்கான அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கினால் போதும்.