கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் அப்பா கோவிலுக்கே கொடுக்கிறார். அவருக்குக் குடும்பத்தின் மீது அக்கறை இல்லையா?

இதே கேள்வியைப் பதினேழு வயதில் நான் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் அப்பாவும் அதிகம் பேசாதவராகத்தான் இருக்க வேண்டும்.

என் அப்பா காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பத்தொன்பது சீசன் வேலை பார்த்தவர். மே மாதம் தொடங்கி ஜூலை வரை பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். சீசன் இல்லாத நாட்களில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் புளி மூட்டை தூக்குவார். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு முன்கையெல்லாம் கருந்தழும்பு. அந்தத் தழும்பின் மேல்தான் தினமும் மூன்று பட்டையாகத் திருநீறு பூசுவார்.

தேய்பிறை அஷ்டமி என்றால் அதியமான்கோட்டை காலபைரவர் கோவில். இரவு ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, தருமபுரிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து சேலம் சாலையில் இன்னொன்று என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வரிசையில் சாம்பல் பூசணி விளக்கை ஏந்தியபடி நின்றுகொண்டே தூங்கியவர் ஒருமுறை அதைச் சாய்த்துவிட, என் பள்ளிக் கால்சட்டை முழுவதும் எண்ணெய். "இந்த நேரத்துக்கு வீட்டுல படுத்திருக்கலாமில்ல" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். துண்டால் துடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூனில் எனக்குப் பாலிடெக்னிக் கட்டணத்தின் கடைசித் தேதி அஷ்டமிக்கு மறுநாள் வந்தது. கூடுதல் ஷிப்டு நிற்பவர்களுக்கு அன்றே ரொக்கம் என்றார்கள். அப்பா கோவிலுக்குப் போகவில்லை. அவர் கொண்டுவந்த நோட்டுகளில் மாங்கூழ் ஒட்டியிருந்தது. அம்மா ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினார். "சாமி எங்கயும் போயிடாதுடா, பீஸ் கட்டற தேதிதான் போயிடும்" என்றார் அப்பா.

பக்திப் பிரச்சாரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் கோவிலுக்குப் போவதே அபூர்வம். சென்ற ஆண்டு உங்கள் அப்பா எந்தெந்த நாட்களில் கோவிலுக்குப் போகவில்லை, அன்று எங்கே இருந்தார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவிடம் எனக்குத் தீராத சண்டை ஒன்று உண்டு. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி, வேலையை விடும்போது சீசன் தொழிலாளிக்குச் சீசனுக்கு ஏழு நாள் கூலி சேர வேண்டும். அலுவலகத்தில் கேட்டால் பதிவேட்டில் பெயர் இல்லை, காண்டிராக்டர் ஆள் என்றார்கள். நான் நான்கு முறை அலைந்தேன். ஐந்தாவது முறை கிளம்பியபோது, "விட்டுடு, பைரவர் பாத்துக்குவார்" என்று வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அது பக்தியா, களைப்பா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.