மாதம் 600 கிலோமீட்டருக்கு டீசல் கார் எதற்கு?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் தனியார் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 41. அம்மாவை மாதம் இரண்டு, மூன்று முறை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அதனால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்தாலும் மாதம் 600 கிலோமீட்டர் தாண்டாது. மூன்று வண்டி பார்த்திருக்கிறேன். 2016 டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, 4.60 லட்சம். 2018 பெட்ரோல், 48,000 கிலோமீட்டர், 3.90 லட்சம். மூன்றாவது டெல்லி நம்பர் போட்ட 2015 டீசல், பெரிய வண்டி, 3.10 லட்சத்துக்கே தருகிறார்கள். களக்காட்டில் வாழை வியாபாரம் பார்க்கும் மச்சான், "டீசல்தான் உழைக்கும்" என்கிறார். பத்து வருட டீசலுக்குத் தடை இங்கேயும் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கையில் 2 லட்சம் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை வைக்கலாமா, கார் லோன் போடலாமா?

பதில்: உங்கள் மச்சான் சொல்வது அவருக்குச் சரி. வாழைத்தார் விலை பேச வாரம் நான்கு நாள் வள்ளியூர், நாகர்கோவில், மதுரை என்று ஓடுகிறவருக்கு டீசல் உழைக்கத்தான் செய்யும். உங்கள் கணக்கு வேறு. நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி நம் ரோட்டில் 15 கிலோமீட்டர் கொடுக்கும், டீசல் 20 கொடுக்கும். வருடம் 7,200 கிலோமீட்டருக்கு பெட்ரோல் 480 லிட்டர், சுமார் 48,500 ரூபாய். டீசல் 360 லிட்டர், சுமார் 33,500. மிச்சம் 15,000. டீசல் வண்டிக்கு ஆயில், ஃபில்டர் என்று சர்வீஸில் ஐயாயிரம் கூடப் போகும் என்று கழித்தால், கையில் நிற்பது 10,000. விலையில் நீங்கள் கூடக் கொடுப்பது 70,000. அந்தப் பணம் திரும்பிவர ஏழு வருடம். அதற்குள் 2016 வண்டிக்கு 15 வருட ஆர்.சி. 2031-ல் முடிந்துவிடும். நடுவில் ஒரு டர்போவோ இன்ஜெக்டரோ போனால் மூன்று, நான்கு வருட மிச்சம் ஒரே பில்லில் காலி.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் இதே கணக்கு தலைகீழ். வருடம் 37,000 ரூபாய்க்கு மேல் எரிபொருளில் மிஞ்சும், இரண்டு, இரண்டரை வருடத்தில் கூடக் கொடுத்த விலை வந்துவிடும். அதனால் மச்சானிடம் சண்டை வேண்டாம்.

தடை பற்றிய பயத்துக்கு வருகிறேன். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற தடை டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அந்த டிசம்பரில், பி.எஸ். 4-க்கு முந்தைய மாசு விதி வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று மாற்றியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வயதுத் தடை இல்லை. இங்கே சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் ஆனதும் எஃப்.சி. பார்த்து, கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே வேலை.

அந்த டெல்லி வண்டி ஏன் அவ்வளவு மலிவு என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே ஓட்ட முடியாமல் தள்ளிவிட்ட வண்டிகள் தெற்கே வருகின்றன. 3.10 லட்சத்தோடு செலவு முடியாது. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வர வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், தமிழ்நாட்டு நம்பர் மாட்ட வேண்டும். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று புரோக்கர் சொன்னால், என்.ஓ.சி. கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உங்கள் நிலைமைக்கு அந்த வண்டியை மறந்துவிடுவதே மேல்.

ஆர்.சி.யில் ஒரு வரியை மட்டும் கவனியுங்கள்: மாசு விதி (பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பி.எஸ்.) எது என்பது. பி.எஸ். 4 நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் சில நகரங்களிலும் சில மாநிலங்களிலும் மட்டும்தான். ஆகவே நம் பக்கம் பதிவான 2016 வண்டி பி.எஸ். 3-ஆகவும் இருக்கலாம். பி.எஸ். 3 என்றால் புகைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான், பி.எஸ். 4-க்கு ஒரு வருடம். நாளைக்கு விற்கப் போகும்போதும் இந்த வரியைப் பார்த்து விலை பேசுவார்கள். 2018 பெட்ரோலில் இந்தச் சந்தேகமே கிடையாது.

"அப்படியானால் கடன் கூட வாங்கி 2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் பார்க்கலாமே" என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம். அந்த வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள, நிற்காமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்ட வேண்டும். நான்குவழிச் சாலையில் தினமும் போகிறவருக்கு அது தானாக நடந்துவிடும். நெல்லையில் பேட்டை, டவுன், ஜங்ஷன் என்று ஊர்ந்து போய்விட்டு, மறுபடி பத்து நாள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அடைத்துக்கொள்ளும், மாற்றினால் செலவு பெரியது. சின்ன டீசல் காரே கட்டாது என்றுதான் மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டது.

பெட்ரோலிலும் ஒரு குறை உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2018 வண்டி அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டது அல்ல. ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலுக்கு 15 என்று குறைத்துப் போட்டதும் இதை நினைத்துத்தான்.

இனி, எனக்கு டீசலா பெட்ரோலா என்பதைவிடப் பெரிதாகத் தோன்றும் விஷயம். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமும் புகுந்தது. அன்றைக்குத் தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. சென்ற வருடம் ஒரு நண்பருக்காக வண்டி பார்க்கப் போனேன். பாலிஷ் போட்டு, உள்ளே ஊதுபத்தி மணக்க நின்றது. பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முக்கால்வாசி வரை கறுப்பு, அதற்கு மேல் ஒரு கோடு போட்டதுபோல ஆற்று வண்டல் நிறம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த மண். விற்கிறவர், "வயலுக்குப் போன வண்டி சார்" என்றார். பின் சீட் பெல்ட் எதற்கு வயலுக்குப் போகிறது?

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கார்பெட்டின் ஓரத்தைக் கிளப்புங்கள், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் 2022 முதல் போட்ட இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். 2024-ல் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காததற்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், அதற்கு முந்தைய பாலிசியில் க்ளெய்ம் வாங்கியிருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள். சொல்லிவிட்டுப் போகாமல் விடியற்காலையில் போய் நில்லுங்கள். பானெட்டில் கை வைத்தால் சூடாக இருக்கக் கூடாது. உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள், ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தால் தப்பில்லை.

பணத்துக்கு வருவோம். கையிலிருக்கும் 2 லட்சத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். டயர், பேட்டரி, கிளட்ச் என்று முதல் வருடம் பழைய வண்டி எதையாவது கேட்கும், 50,000 தனியாக இருக்கட்டும். பெட்ரோல் வண்டி பேரத்தில் 3.80 லட்சத்துக்கு வந்தால் 1.50 லட்சம் உங்களுடையது, 2.30 லட்சம் கடன். 13 சதவீத வட்டியில் பழைய கார் லோன் மூன்று வருடம் போட்டால் மாதம் 7,750, மொத்த வட்டி 49,000. நகைக்கடன் 9 சதவீதத்தில் கிடைத்து, மாதம் 7,315 என்று அசலோடு கட்டினால் வட்டி 33,000-தான். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி, மாற்றி வைத்துவிட்டு வருவோம். அப்படி மூன்று வருடம் போனால் வட்டி மட்டும் 62,000, நகையும் அங்கேயே இருக்கும். மாதம் தவறாமல் அசல் கட்டும் தவணை முறையில் தருகிறார்களா என்று கேளுங்கள். தருகிறார்கள் என்றால் நகைக்கடன், இல்லையென்றால் கார் லோன். எதுவானாலும் வைப்பதற்கு முன் வீட்டில் கேட்டுவிடுங்கள், நகை அவர்களுடையது.

வாங்குகிற அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால் அதை நீக்க படிவம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி.யும் வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்கிறவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்கு 3.90 சொல்கிறார் என்றால் 3.60-லிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். 48,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் டயர் இன்னும் மாற்றாமல் இருந்தால், அதையே காரணம் காட்டி 3.70-க்கு முடிக்கப் பாருங்கள்.