இன்வாய்ஸ் போட்டதும் லெட்ஜரில் என்ன நடக்கிறது?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் கணக்கை அண்மையில்தான் மென்பொருளுக்கு மாற்றினோம். முதல் விற்பனைக்கு வரி 1,000 சேர்த்து 11,000-க்கு இன்வாய்ஸ் போட்டேன். சில நாளில் பணம் வங்கிக்கு வந்தது, அதையும் பதிவு செய்தேன். இப்போது லாப நட்டக் கணக்கில் விற்பனை 21,000 என்று நிற்கிறது. அந்த வாடிக்கையாளர் பெயரில் 11,000 பாக்கி என்றும் காட்டுகிறது. லெட்ஜரில் நான் ஒரு என்ட்ரியும் போடவில்லையே, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

பதில்: 21,000 என்ற எண்ணே கோளாறு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. இன்வாய்ஸிலிருந்து விற்பனைக்குப் போனது 10,000. வங்கிக்கு வந்த 11,000-ஐப் பதிந்தபோது எதிர்க்கணக்காக, அதாவது அந்தப் பணம் எதற்கு வந்தது என்று காட்டும் கணக்காக, விற்பனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து 21,000. வரவைப் பதியும்போது வரிக் குறியீட்டையும் (எந்த வரி என்று மென்பொருளுக்குச் சொல்லும் தேர்வு) கொடுத்திருந்தால் விற்பனை 20,000 என்று காட்டியிருக்கும். அரசுக்குக் கட்டவேண்டிய வரியும் இருமடங்காகியிருக்கும். அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

இன்வாய்ஸைத் தட்டச்சு செய்து வரைவாகச் சேமிக்கும்வரை லெட்ஜரில், அதாவது கணக்குவாரியான பேரேட்டில், எதுவும் நடப்பதில்லை. விலைப்புள்ளிக்கும் ஆர்டருக்கும் இதே விதிதான். ஒப்புதல் கொடுக்கும் நொடியில், சில மென்பொருள்களில் 'போஸ்ட்' என்ற பொத்தானை அழுத்தும் நொடியில், மென்பொருள் உங்கள் சார்பில் ஒரு ஜர்னல் என்ட்ரி எழுதுகிறது: எந்தக் கணக்கில் டெபிட் பக்கம் எவ்வளவு, எந்தக் கணக்கில் கிரெடிட் பக்கம் எவ்வளவு என்ற பதிவு அது. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை 11,000 டெபிட். விற்பனை 10,000 கிரெடிட். செலுத்தவேண்டிய வரி 1,000 கிரெடிட். பணம் இன்னும் வரவில்லை, ஆனாலும் விற்பனை அன்றைக்கே கணக்கில் ஏறிவிட்டது. வரித்தொகை உங்கள் வருமானமே அல்ல. வசூலித்துக் கட்டும்வரை அது கடன், ஆகவே அது லாப நட்டக் கணக்கின் பக்கமே வராது.

எந்தத் தொகை எந்தக் கணக்குக்குப் போகவேண்டும் என்று மென்பொருள் ஊகிப்பதில்லை. தொடக்கத்தில் நீங்களோ, அமைத்துக் கொடுத்தவரோ வைத்த தேர்வுகளைத்தான் அது படிக்கிறது. பொருளின் பக்கத்தில் அதற்கான விற்பனைக் கணக்கு இருக்கும். வரிக் குறியீட்டில் வரிக் கணக்கு இருக்கும். வாடிக்கையாளரின் பக்கத்திலோ பொது அமைப்பிலோ வரவேண்டியவை கணக்கு இருக்கும். இவற்றில் ஒன்று தவறாக இருந்தால் இன்வாய்ஸ் காகிதத்தில் அப்பழுக்கில்லாமல் இருக்கும், லெட்ஜர் மட்டும் பிசகும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களிடம் முதல் இன்வாய்ஸைப் போட்டதும் அதன் ஜர்னல் என்ட்ரியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலான மென்பொருள்களில் இன்வாய்ஸ் பக்கத்திலிருந்தே அதைப் பார்க்கலாம். அங்கே செலவழிக்கும் ஒரு நிமிடம் ஆண்டு முடிவில் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இன்வாய்ஸ், ஜர்னல், லெட்ஜர் என்ற இந்த வரிசை கணினியோடு வந்தது அல்ல. 1494-இல் வெனிஸில் அச்சான தன் நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி மூன்று ஏடுகளை விவரிக்கிறார்: நடந்ததை நடந்தபடி எழுத ஒன்று, அதை டெபிட், கிரெடிட்டாகப் பிரித்து எழுத ஒன்று, கணக்குவாரியாக எடுத்தெழுதப் பேரேடு ஒன்று. இன்றைய இன்வாய்ஸ் முதல் ஏட்டின் இடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டையும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவிடுவதால்தான், நாம் எதுவும் எழுதவில்லை என்று தோன்றுகிறது.

சரக்கு இருப்பை மென்பொருளே கவனித்துவந்தால் இன்னொரு ஜோடியும் சேரும்: விற்ற சரக்கின் அடக்கவிலை டெபிட், சரக்கிருப்பு கிரெடிட். இது இன்வாய்ஸோடு வருமா, சரக்கை அனுப்பும் பதிவோடு வருமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

இனி பணம் வரும் கட்டம். விற்பனை ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. வந்த பணத்துக்கு ஒரே வேலைதான், பாக்கியைத் தீர்ப்பது: வங்கி 11,000 டெபிட், வரவேண்டியவை 11,000 கிரெடிட். வருமானக் கணக்கை இங்கே தொடவே கூடாது. வங்கி அறிக்கையை மென்பொருளுக்குள் இழுத்துக் கொள்பவர்கள் தவறுவது இங்கேதான். திரையில் ஒரு வரவு வரி தெரியும், என்ன வகை என்று மென்பொருள் கேட்கும், கை தானாக விற்பனையைத் தேடிப் போகும். அந்த இடத்தில் வகையைத் தேர்ந்தெடுக்காமல், திறந்திருக்கும் இன்வாய்ஸோடு பொருத்த வேண்டும்.

உங்கள் கணக்கைச் சரிசெய்ய இன்வாய்ஸை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் பாக்கி மறையும், விற்பனை 11,000 என்று கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும், வரி 1,000 மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். வரவேண்டியவை கணக்கைக் கையால் எழுதிய ஜர்னலில் கிரெடிட் செய்வதும் வேண்டாம். லெட்ஜர் இருப்பு பூஜ்யமாகும், ஆனால் எந்த இன்வாய்ஸுக்கான தொகை என்று மென்பொருளுக்குத் தெரியாததால் அந்த இன்வாய்ஸ் திறந்தே கிடக்கும். பல மென்பொருள்கள் அந்தக் கணக்கில் நேரடி ஜர்னலை அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான்.

திருத்தவேண்டியது வங்கி வரவுப் பதிவை மட்டும். அது வங்கி அறிக்கை வரியோடு ஒப்பிட்டு இணைக்கப்பட்டிருந்தால் முதலில் இணைப்பை எடுங்கள், பிறகு பதிவை நீக்குங்கள். அதே தேதியில், அதே தொகைக்கு, அந்த இன்வாய்ஸின்மேல் பணம் பெற்றதாகப் பதிந்து மீண்டும் ஒப்பிடுங்கள். அந்த மாதத்தின் கணக்கை ஏற்கெனவே மூடியிருந்தால் பழையதைத் தொடவேண்டாம். நடப்பு மாதத்தில் விற்பனை 11,000 டெபிட், வங்கி 11,000 கிரெடிட் என்று எதிர்ப்பதிவு போட்டு, அதே நாளில் இன்வாய்ஸுக்கான வரவைப் பதியுங்கள். வங்கி இருப்பில் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்.

கொள்முதல் பில்லில் எல்லாம் திசை மாறி நடக்கும்: செலவோ சரக்கோ டெபிட், தரவேண்டியவை கிரெடிட். பணம் கட்டும்போது செலவுக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் செலவு இருமுறை ஏறும். விற்பனையில் இப்படி நடந்திருப்பதால் உங்கள் பில்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திருத்தி முடித்ததும் ஒரே தேதிக்கு இரண்டு அறிக்கைகளை எடுங்கள். வாடிக்கையாளர்வாரி பாக்கிப் பட்டியலின் மொத்தமும், இருப்பாய்வில் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்) வரவேண்டியவை கணக்கின் இருப்பும் காசு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அது மட்டும் போதாது. இந்தத் தவறு நடந்தபோதும் அவை இரண்டும் ஒத்துத்தான் இருந்திருக்கும். எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் உண்மையிலேயே பாக்கி வைத்திருப்பவரா என்றும் பாருங்கள். பாக்கி நினைவூட்டல் தானாகப் போகும்படி அமைத்திருந்தால் இந்தத் திருத்தம் முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். பணம் கட்டிவிட்டவருக்குப் பாக்கிக் கடிதம் போகக் கூடாது.