மஞ்சள் குளிசையும் டமொக்சிபெனும்

கேள்வி: விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன் டொக்டர். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து டமொக்சிபென் குடிக்கிறேன். இதே வருத்தம் வந்த பெண்கள் சனசமூக நிலையத்தில் கூடிக் கதைப்போம். மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும் என்ற ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு அக்கா கொண்டுவந்தார். மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் குளிசையால் தனக்குச் சுகம் என்கிறார். நானும் போடலாமா?

பதில்: வேண்டாம். கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றிப் பயமில்லை, வழமைபோல் போடுங்கள். குளிசை வேறு கதை.

டமொக்சிபெனை உங்கள் ஈரல்தான் எண்டொக்சிபென் என்ற வலுவான மருந்தாக மாற்றுகிறது. 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றில், டமொக்சிபென் குடிப்பவர்களுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்தபோது இரத்தத்தில் எண்டொக்சிபென் குறைந்தது. மிளகின் பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. பதினாறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், நோய் திரும்பி வருகிறதா என்று அதில் பார்க்கவில்லை. ஆனாலும் வீணாக ஏன் விசப்பரீட்சை?

அப்போ அக்காவின் கட்டுரை பொய்யா? பொய்யாக இருக்கத் தேவையில்லை. எதில் சோதித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா? தட்டில் ஆனையிறவு உப்பைக் கரைத்து ஊற்றினாலும் அந்த உயிரணுக்கள் சாகும். குர்குமினோ குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை, அதனால்தான் மிளகுச் சாற்றைச் சேர்த்து விற்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் பத்தோலொஜி ரிப்போட்டில் 'ஈ.ஆர். பொசிட்டிவ்' என்று இருக்கும், அதாவது உங்கள் புற்றுநோய் உயிரணுக்களில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன; அதனால்தான் அதைத் தடுக்க உங்களுக்கு டமொக்சிபென். பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு அது நெகட்டிவ் என்றால் மருந்தே வேறு. பெயர் ஒன்று, வருத்தம் ஒன்றல்ல.

இதற்காகக் கதைப்பதை விட்டுவிடாதீர்கள். தெல்லிப்பழைக்கு எந்த பஸ்ஸில் போனால் நேரத்துக்குக் கிளினிக் பிடிக்கலாம், வாய் புண்ணானால் எந்தக் கஞ்சி இறங்கும், முடி கொட்டியபோது பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள், இதெல்லாம் எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும். கீமோ நடக்கும்போது 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்து, 'பனடோல் போட்டேன், மாறிவிட்டது' என்று யாராவது சொன்னால் மட்டும் அதைப் பின்பற்ற வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவென்றாலும்.

அந்த அக்காவும் டமொக்சிபென் குடிப்பவரா என்று கேளுங்கள். ஆமென்றால், மஞ்சள் குளிசையை நிறுத்திவிட்டு, அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோகட்டும். டமொக்சிபெனை மட்டும் இருவரும் தாங்களாக நிறுத்தக் கூடாது.