உப்புத் தண்ணீரில் மா: ஒட்டுக்குக் கீழே என்ன செடி?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி எங்கள் நிலம், மணற்பாங்கு. போர் தண்ணீரைத் தை மாதம் பரிசோதித்ததில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 2.4. மூன்று வருடத்துக்கு முன் வைத்த இமாம்பசந்த், பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்றுகளில் அடி இலைகள் நுனியிலிருந்து கருகுகின்றன. பூஞ்சாணக்கொல்லிக்கும் கேட்கவில்லை. பக்கத்து ஒரு ஏக்கரிலும் மா வைக்கலாமா? உப்பைத் தாங்கும் ரகம் எது, ஐயா?

பதில்: முதலில் மருந்தடிப்பதை நிறுத்துங்கள். கொழுந்து பச்சையாக இருக்க, முற்றிய இலை மட்டும் நுனியில் தொடங்கி ஓரம் வழியாக உள்ளே கருகுகிறது, தண்ணீரும் உப்பு என்றால் நோயைத் தேட வேண்டியதில்லை.

உப்பை மட்டுப்படுத்துவதில் பெரும் பங்கு மேலே காய்க்கிற ரகத்துக்கு அல்ல, அடியிலுள்ள வேர்ச்செடிக்குத்தான். தாங்கும் வேர்ச்செடி சோடியத்தையும் குளோரைடையும் வேரோடு நிறுத்திக்கொண்டு இலைக்குக் குறைவாகவே விடும். கன்று வாங்கும்போது இமாம்பசந்த்தானா என்று நாலு முறை கேட்கிறோம், கீழே என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அகப்பட்ட கொட்டையில் முளைத்த செடியாகத்தான் இருக்கும். ஒரு கொட்டைக்கு ஒரு முளை விடும் மாவில் நாற்றுக்கு நாற்று குணம் மாறும். உங்கள் தோப்பிலேயே ஒரு மரம் கருகி, அடுத்த மரம் தெளிவாக நிற்கிறதா என்று பாருங்கள்.

பல முளை விடும் மாவில் பெரும்பாலான நாற்றுகள் அச்சு அசல் தாய் மரம். கேரளத்துக் குறுக்கன் அந்த வகை. உப்புத் தாங்குவதில் நல்ல பெயர் எடுத்தது. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணுக்கும் உப்புத் தண்ணீருக்கும் என்றே பொறுக்கி எடுத்த 13-1 என்ற வேர்ச்செடி கூடப் பல முளை வகைதான். அதைத் தேடி அலைய வேண்டாம். குறுக்கன் கொட்டை கிடைத்தால் காயவிடாமல் உடனே போடுங்கள். மாங்கொட்டைக்கு முளைப்புத்திறன் சில வாரங்கள்தான். முளைகளைப் பிரித்து, மற்றவற்றோடு ஒத்துப்போகாத நாற்றைக் கழித்துவிட்டு, மீதியில் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த வேர்ச்செடிக்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் 2.4 மழை முடிந்த கையோடு எடுத்த அளவு. வைகாசியில் இன்னொரு முறை பாருங்கள். 3-ஐத் தாண்டினால் புது ஏக்கரில் மா வேண்டாம் என்பேன். பாலை வேர்ச்செடியில் ஒட்டிய சப்போட்டா, பி.கே.எம். 1 ரகம் போல, வையுங்கள். பாலை நம் கடலோர வறண்ட காட்டு மரம். உப்பும் வறட்சியும் அதற்குப் பழக்கம். வளர்ச்சிதான் மந்தம், ஒட்டும் பருமனுக்கு வரவே நாளாகும். கன்று விலை கூடுதலாக இருந்தால் அதனால்தான்.

இருக்கிற மரங்களுக்கு வேரை மாற்ற முடியாது. உப்பை வேரிலிருந்து தள்ளி வைக்கலாம். சொட்டுநீரில் ஈரம் முடிகிற விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் தூறல் அந்த உப்பைக் கரைத்து வேருக்கே இழுத்து வரும். அதனால் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். கனமழை பிடித்த பிறகு நிறுத்தலாம். இலை மேல் இந்தத் தண்ணீர் படக்கூடாது. தூரில் சருகு மூடாக்கு போடுங்கள். சாதாரண பொட்டாஷ் உரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளோரைடு இருக்கிறது. அதற்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள், விலை கூடுதல்தான். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அடுத்த துளிரில் வரும் இலை முற்றிய பிறகு நுனியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.